எழுபத்தேழு நாளில் பத்து வருடம்

அயர் ராஜா, ஐந்தாம் மாடி.
வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு சிலிகோன் குழாய்
குனிந்து நிமிர்கிறது,
இரண்டு நொடிக்கு மூன்று முறை.
முழங்காலின் பின்மடிப்பில் ஓடும் ரத்தக்குழாய்க்கு
நாங்கள் வைத்திருக்கும் பதிலி.
உள்ளே என் கம்பிவலை:
பென்சிலைவிட மெல்லியது, சுண்டுவிரல் நீளம்.
கோடி முறை மடங்கியும் உடையாதிருந்தால்
பத்து வருடம் தாங்கும் என்று கணக்கு.
பத்து வருடத்தை இயந்திரம்
எழுபத்தேழு நாளில் வாழ்ந்துவிடும்.

போன தடவை பத்தொன்பதாம் நாள் உடைந்தது.
அதாவது, இரண்டரை வயதில்.
சத்தமே இல்லை.
எக்ஸ்ரேயில் மட்டும், வளைவின் உள்பக்கம்,
வாய் திறந்த ஊக்கு மாதிரி ஒரு கண்ணி.
ஸுல்ஃபாட்லி தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டான்.
நானும் போட்டேன்.

விதிப்புத்தகம் கேட்பது
நடை, படிக்கட்டு, நாற்காலி.
அந்த அளவுக்கு மடக்கியிருந்தால் பிழைத்திருக்கும்.
இன்னும் மடக்கு என்றது நான்தான்.

தேக்கா சந்தையில் தொடங்கியது அது.
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குந்தியபடி
ஒருத்தி கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்,
நான் இறால் வாங்கி, மீதிச் சில்லறை வாங்கி,
மறந்த கொத்தமல்லிக்குத் திரும்பி வரும்வரை
எழவில்லை.
அப்புறம் எங்கு பார்த்தாலும் முழங்கால்கள்.
லாரிக்குக் காத்து, நடைபாதை விளிம்பில்
குந்திக் கைபேசி பார்க்கும் ஆறு பேர்.
கோயில் அன்னதானப் பந்தியில்
இலைக்கு முன் சம்மணமிட்ட வங்கி அதிகாரி.
'ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத்,
முப்பத்து நான்கு ஸஜ்தா,
உபரித் தொழுகை சேர்க்காமல்' என்றான் ஸுல்ஃபாட்லி.
எக்செலில் ஏற்றினேன்.
தலைப்பு: ஆழ்மடக்கம், வகை மூன்று.

டாக்டர் குவீ சொன்னார்:
'குந்தாதீர்கள் என்று ஒரு தாளில்
அச்சடித்துக் கொடுத்தால் போதாதா? மலிவு.'
கெட்டவர் இல்லை.
போன மாதம் மட்டும் நான்கு கால்களை
முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்.
சர்க்கரை. கறுத்த விரல்கள்.
உடைகிற வலையும்
இரண்டரை வருடம் ஒரு காலைக் காக்கும்;
உன் பத்து வருடம் வரும்வரை
அந்தக் காலை யார் வைத்துக்கொண்டிருப்பது?
என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

ஜூரோங் வெஸ்ட்டில் ரொகாயா என்று ஒரு அம்மா.
இடது காலில் பழைய வகை வலை.
நான்கு வருடமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் தொழுகிறார்.
கேள்விப் படிவம் முடிந்தபின்
ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன்.
வலியைப் பற்றி வரும் என்று
பேனாவைத் தயாராகப் பிடித்திருந்தேன்.
'தரை எப்போ?' என்றார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வளைவில் கண்ணிகளைத் தளர்த்தினேன்.
மூன்று இணைப்பு இருந்த இடத்தில் ஒன்று.
உறுதிக்கென்று நான் சேர்த்தவைதான்
முதலில் ஒடிந்தவை.
சூடு கண்டால் பழைய வடிவுக்கே திரும்பும் உலோகம் இது,
அதனிடம் பேசிப் பார்ப்பதற்குள்
பதினோரு மாதிரிகள் குப்பைக்குப் போயின.

இன்று நாற்பத்தோராம் நாள்.
ஐந்தேகால் வயது.
கிண்டர்கார்ட்டனில் சேர்த்துவிடலாம் என்கிறான் ஸுல்ஃபாட்லி,
அஸர் தொழுதுவிட்டு வந்தவன்,
கால்சட்டை முழங்காலில் புதுச் சுருக்கம்.

அவன் போனபின் தொட்டியருகே
தரையில் சம்மணமிட்டு உட்கார்கிறேன்.
தத்துவம் ஒன்றுமில்லை;
என் நாற்காலியில் யாரோ
மின்கம்பிச் சுருள்களைக் குவித்திருக்கிறார்கள்.
முழங்காலின் பின்னே விரல் நுழைத்துத் தேடினால்
துடிப்பு எட்டவில்லை.
காலைக் கொஞ்சம் நீட்டியதும்
ஆழத்தில், சோம்பலாக, ஒன்று.
எண்ணத் தொடங்குகிறேன்.
தொட்டியில் அது என்னைவிட வேகமாகப் போகிறது.